58 ஆண்டு தாமதமான கோப்பை

வேகம்தான் எல்லாம் என்று மார்தட்டிக்கொள்ளும் விளையாட்டு அது. அதில் ஒரு கோப்பை ஜாக்சன்வில் நகரத்திலிருந்து டேடோனா பீச் நகரத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 58 ஆண்டுகள் பிடித்தன. இரண்டு ஊர்களும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில்தான் இருக்கின்றன. காரில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. 1963 டிசம்பர் 1 அன்று ஜெயித்தவருக்குச் சேர வேண்டிய கோப்பை, 2021 ஆகஸ்ட் 28 அன்று அவருடைய குடும்பத்தாரிடம் தரப்பட்டது. அடுத்த நாள் அவருடைய நூறாவது பிறந்த நாள். பெற்றுக்கொள்ள அவர் இல்லை. இறந்து 30 ஆண்டுகள் கடந்துவிட்டன.

அவர் பெயர் வெண்டல் ஸ்காட். அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தின் உச்சப் பிரிவில் வென்ற முதல் கறுப்பர். அங்கே 495 பந்தயங்களில் ஓட்டினார். வென்றது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றிலும் கொடி இன்னொருவருக்கு அசைக்கப்பட்டது, கோப்பையும் இன்னொருவர் கைக்குப் போனது.

தவறு நடந்ததா, சதி நடந்ததா என்பது அறுபது ஆண்டுகளாகப் பேசப்படும் கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. தவறு என்று தெரிந்த பிறகு அதைத் திருத்த எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள்? ஒரு நிறுவனத்தின் மனதை அறிய இதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை.

கார் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கு ஃபார்முலா ஒன் வண்டிகள்தான் நினைவுக்கு வரும். ஸ்டாக் கார் அப்படியல்ல. அந்தக் காலத்தில் அது கடையில் விற்ற கார், பார்ப்பதற்குத் தெருவில் ஓடும் கார்; அதை உள்ளே முறுக்கேற்றி, நீள்வட்டத் தடத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட்டினார்கள். இப்பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்கார், 1948இல் டேடோனா பீச்சில் பில் ஃபிரான்ஸ் என்பவரின் முயற்சியில் தொடங்கப்பட்டது. அவருக்குப் பிறகும் அது அந்தக் குடும்பத்தின் பிடியிலேயே இருந்துவந்தது.

இந்த விளையாட்டின் பூர்வீகம் கொஞ்சம் கௌரவக் குறைவானது. தென் மாநில மலைப்பகுதிகளில் கள்ளச்சாராயம் காய்ச்சி, இரவில் காரில் ஏற்றி ஊர் ஊராகக் கடத்துவார்கள். துரத்தும் போலீஸிடமிருந்து தப்ப வேண்டுமானால் எஞ்சினும் பலமாக இருக்க வேண்டும், ஓட்டுபவன் கையும் உறுதியாக இருக்க வேண்டும். யார் கார் வேகமானது என்று வாரக் கடைசியில் தங்களுக்குள்ளேயே மோதிப் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்தால் டிக்கெட் விற்க ஆள் வராமல் இருப்பார்களா?

அந்த மரபின் வீரநாயகன் ஜூனியர் ஜான்சன். வட கரோலினாக்காரர். சாராய வழக்கில் சிறைக்குப் போனவர். 1986இல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2010இல் நாஸ்கார் புகழ் மண்டபம் திறக்கப்பட்டபோது, அதில் முதன்முதலாக இடம்பெற்ற ஐவரில் அவரும் ஒருவர். சாராயம் கடத்தியது அவருடைய புகழுக்குச் சுவை கூட்டியதே தவிரக் களங்கமாகவில்லை.

வெண்டல் ஸ்காட்டும் சாராயம் கடத்தியவர்தான்.

அவர் 1921இல் வர்ஜீனியா மாநிலத்தின் டேன்வில் ஊரில் பிறந்தார். நூற்பாலையும் புகையிலையும் சோறு போட்ட ஊர் அது. யாரிடமும் கைகட்டிச் சம்பளம் வாங்கக் கூடாது என்று இளம் வயதிலேயே முடிவு செய்தவர். டாக்ஸி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றினார். திரும்பி வந்து சொந்தமாகக் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்தார். பட்டறை வருமானம் போதவில்லை. இரவில் சாராயம் ஏற்றினார். ஒரு முறை மாட்டிக்கொண்டார். சிறையில் தள்ளாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். அவர் தன் தொழிலைத் தொடர்ந்தார்.

1952இல் டேன்வில் பந்தய ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. டிக்கெட் விற்பனை மந்தமாக இருந்தது. வெள்ளையர்களுக்கு எதிராக ஒரு கறுப்பரை ஓட விட்டால் கூட்டம் கூடும் என்று கணக்குப் போட்டார்கள். ஊரில் வேகமாகக் காரோட்டும் கறுப்பர் யார் என்று போலீஸில் போய் விசாரித்தார்கள். போலீஸ் யோசிக்கவே இல்லை. தாங்கள் பலமுறை துரத்தியும் பிடிக்க முடியாத ஆளின் பெயரைச் சொன்னார்கள். ஒரு பந்தய வீரருக்கு இப்படிப்பட்ட சிபாரிசுக் கடிதம் வேறெங்கும் கிடைத்திருக்காது.

காட்சிப் பொருளாக அழைக்கப்பட்டவர் அதைத் தன் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டார். முதல் பந்தயத்திலேயே அரங்கில் ஏளனக் கூச்சல். ஆனால் இதுதான் தன் இடம் என்று அவருக்குப் பட்டது. அடுத்து நாஸ்கார் நடத்திய பந்தயம் ஒன்றுக்காக வின்ஸ்டன்-சேலம் ஊருக்குக் காரை இழுத்துக்கொண்டு போனார். கறுப்பர்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னோர் ஊரிலும் இதே கதை. பெரிய அமைப்பை விட்டுவிட்டு, சிறு சிறு உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டி ஜெயிக்க ஆரம்பித்தார். பிறகு ரிச்மண்டில் பகுதிநேரப் பொறுப்பிலிருந்த நாஸ்கார் நிர்வாகி ஒருவரைப் பிடித்து உரிமம் வாங்கினார். மேலிடத்துக்கு விஷயம் பிறகுதான் தெரிந்தது. கதவு திறக்கப்படவில்லை, காவலாளி அசந்த நேரத்தில் உள்ளே நுழைந்தார் என்பதுதான் சரி.

1959இல் வர்ஜீனியா மாநில அளவில் ஒரு பிரிவின் சாம்பியன் ஆனார். 1961இல் உச்சப் பிரிவுக்கு ஏறினார். அப்போது அவருக்கு வயது 39. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் பருவத்தில் அவருடைய முக்கியமான ஆட்டம் ஆரம்பமாகிறது.

எப்படிப்பட்ட ஆட்டம் அது? எதிரே நின்றவர்களில் பலருக்கு டெட்ராய்ட் கார்க் கம்பெனிகளின் ஆதரவு இருந்தது. புது எஞ்சின், புது டயர், சம்பளம் வாங்கும் மெக்கானிக்குகள். ஸ்காட்டிடம் இருந்தது பழைய கார். மற்றவர்கள் பயன்படுத்தித் தள்ளிய டயர். உதவிக்குத் தன் பிள்ளைகள். எஞ்சினைப் பிரிப்பதும் அவரே, பூட்டுவதும் அவரே, காரை டிரக்கில் ஏற்றி இரவெல்லாம் ஓட்டிச் சென்று, மறுநாள் பந்தயத்தில் ஓட்டுவதும் அவரே. காரில் ஓட்டுநர் பெயரும் மெக்கானிக் பெயரும் எழுதுவது வழக்கம். ஸ்காட் மெக்கானிக் என்று எழுதி, பக்கத்தில் 'நானே' என்று எழுதி வைத்தார். படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். அது நகைச்சுவை மட்டுமல்ல, வரவு செலவு அறிக்கையும்கூட.

பந்தயத்துக்கு வெளியே இன்னொரு பந்தயம் இருந்தது. தென் மாநிலங்களில் அப்போது ஓட்டல்களில் கறுப்பர்களுக்கு அறை கிடையாது, மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட மாட்டார்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு, டிரக்கிலேயே தூங்கிப் பயணம் செய்தார்கள். தென் கரோலினாவின் புகழ்பெற்ற டார்லிங்டன் தடம் பல ஆண்டுகள் அவரை உள்ளேயே விடவில்லை. வேண்டுமென்றே இடித்துத் தள்ளியவர்களும் உண்டு. திருப்பி இடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதோடு, நசுங்கிய காரை அன்றிரவு தட்டி நிமிர்த்த வேண்டியவரும் அவரேதான்.

எல்லோரும் பகைவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். இருமுறை சாம்பியனான நெட் ஜாரட் அவருக்கு நண்பராக இருந்தார். வெள்ளைக்கார ஓட்டுநர்கள் சிலர் உதிரி பாகங்கள் கொடுத்து உதவினார்கள். பட்டறையில் கைகளில் ஒட்டும் கிரீஸுக்கு நிறம் ஒன்றுதான். சங்கடம் மேலே, நாற்காலிகளில் இருந்தது.

1963 டிசம்பர் 1. ஜாக்சன்வில்லில் அரை மைல் மண் தடம். 200 சுற்றுகள், 100 மைல். ஸ்காட் ஓட்டியது ஜாரட்டிடமிருந்து வாங்கிய செவர்லே. முன்னணியில் இருந்தவர் ரிச்சர்ட் பெட்டி. பிற்காலத்தில் 200 வெற்றிகளும் 7 சாம்பியன் பட்டங்களும் பெற்று 'மன்னர்' என்று அழைக்கப்பட்டவர். அன்று பெட்டியின் காரில் கோளாறு. 25 சுற்றுகள் மிச்சமிருந்தபோது ஸ்காட் அவரைக் கடந்தார். பிறகு யாரும் ஸ்காட்டைக் கடக்கவில்லை.

200 சுற்றுகள் முடிந்தன. கட்டம் போட்ட கொடி அசையவில்லை. ஸ்காட் இன்னொரு சுற்று வந்தார். அப்போதும் அசையவில்லை. இரண்டாவது முறையும் வந்தார். அவருக்குப் பின்னால் வந்த பக் பேக்கருக்குக் கொடி அசைந்தது. பேக்கர் இருமுறை சாம்பியன், பெரிய பெயர். அவர் வெற்றி மேடைக்குப் போனார், கோப்பை வாங்கினார், படம் பிடித்தார்கள், ஊருக்குக் கிளம்பினார்.

ஸ்காட் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆமாம், ஸ்காட்தான் முதல். அதுவும் இரண்டு சுற்று வித்தியாசத்தில். ஒப்புக்கொண்டபோது அரங்கில் கூட்டம் இல்லை. நிருபர்கள் இல்லை. கோப்பையும் இல்லை. பரிசுத் தொகை 1,000 டாலர் கிடைத்தது. பின்னர் ஒரு நாள், பெயர்கூடப் பொறிக்காத ஒரு மலிவான மரக் கோப்பையைக் கொடுத்தார்கள் என்று அவருடைய குடும்பத்தார் சொல்கிறார்கள். அசல் கோப்பை திரும்பி வரவேயில்லை.

ஏன் இப்படி? ஸ்காட் பிற்காலத்தில் சொல்லிவந்த விளக்கம் எளிமையானது. வெற்றி மேடையில் அழகுராணி ஒருவர் வெற்றியாளருக்குக் கோப்பை தந்து, கன்னத்தில் முத்தமிடுவது வழக்கம். அழகுராணி வெள்ளைக்காரப் பெண். வெற்றி பெற்றவர் கறுப்பர். 1963இல், தென் மாநிலம் ஒன்றில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அந்தக் காட்சி நடக்க யாரும் விரும்பவில்லை என்பது அவர் கருத்து. அதிகாரிகள் தந்த விளக்கம், சுற்றுகளை எண்ணியதில் பிழை என்பது.

இரண்டாவது விளக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அன்று கணினி இல்லை. ஒவ்வொரு காருக்கும் ஒருவர் பென்சிலும் அட்டையும் வைத்துக்கொண்டு சுற்றுகளைக் குறித்துக்கொள்வார். தூசி பறக்கும் மண் தடத்தில் இரண்டு டஜன் கார்கள் சுற்றிச் சுற்றி வரும்போது கணக்குத் தப்புவது சகஜம். 1959இல் அட்லாண்டா பந்தயத்தில் இளைஞரான ரிச்சர்ட் பெட்டி ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டாவது வந்தவர் ஆட்சேபித்தார். கணக்கைப் பார்த்து, ஆட்சேபித்தவர்தான் முதல் என்று மாற்றினார்கள். ஆட்சேபித்தவர் வேறு யாருமல்ல, ரிச்சர்டின் தந்தை லீ பெட்டி. மகனிடமிருந்தே வெற்றியைக் கேட்டு வாங்கியவர்!

அதே 1959இல், முதலாவது டேடோனா 500 பந்தயம். கோட்டை மூன்று கார்கள் ஒன்றாகத் தாண்டின. முதலில் வேறொருவர் வென்றதாகச் சொன்னார்கள். லீ பெட்டி மறுத்தார். பில் ஃபிரான்ஸ் புகைப்படங்களையும் செய்திப் படச் சுருள்களையும் வரவழைத்துப் பார்த்தார். மூன்று நாட்களில் முடிவு மாறியது. லீ பெட்டி வென்றவரானார். நாடு முழுவதும் அந்தச் செய்தி பரவியது. பந்தயத்துக்கே அது நல்ல விளம்பரம்.

ஆக, தவறு நடப்பதும் புதிதல்ல, திருத்துவதும் அவர்களுக்குத் தெரியாததல்ல. லீ பெட்டிக்கு மூன்று நாட்கள். வெண்டல் ஸ்காட்டுக்குக் காகிதத்தில் இரண்டு மணி நேரம், கோப்பைக்கு ஏறக்குறைய 58 ஆண்டுகள். கூட்டத்தின் முன் தவறு செய்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு திருத்துவதைப் பாதித் திருத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணியவர் கையில் பிழை இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரப் பந்தயத்தில் ஸ்காட்டை அழைத்து, பார்வையாளர்கள் முன்னிலையில் கையைத் தூக்கிக் காட்ட யாருக்கும் தோன்றவில்லையே, அதைப் பென்சில் பிழை என்று எப்படிச் சொல்வது?

ஒரு உலோகக் கோப்பைக்கு இத்தனை பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். கோப்பை அலமாரியில் வைக்கும் பொருள் மட்டுமல்ல. பந்தயத் தொழிலின் பொருளாதாரம் அதில்தான் இருக்கிறது. வெற்றி மேடையில் எடுக்கும் படம் மறுநாள் பத்திரிகையில் வரும். அந்தப் படத்தைக் காட்டித்தான் ஸ்பான்சரைப் பிடிக்க முடியும். ஸ்பான்சர் வந்தால் புது எஞ்சின், புது எஞ்சின் வந்தால் அடுத்த வெற்றி. ஸ்காட்டிடம் அந்தப் படம் இல்லை. அவருக்குப் பெரிய ஸ்பான்சர் யாரும் வரவில்லை. கார்க் கம்பெனிகள் முழு ஆதரவு தரவில்லை. பழைய எஞ்சினோடு ஓட்டினார், பழைய எஞ்சினோடு ஓட்டியதால் ஜெயிக்கவில்லை, ஜெயிக்காததால் புது எஞ்சின் வரவில்லை. பிறகு வரலாறு எழுதுபவர்கள் 'ஒரே ஒரு வெற்றி' என்று எழுதுவார்கள்.

அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஜனவரியில் அலபாமா கவர்னராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாலஸ், நிறப் பிரிவினை என்றென்றும் நீடிக்கும் என்று முழங்கினார். ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசினார். செப்டம்பரில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெடித்த குண்டுக்கு நான்கு கறுப்பினச் சிறுமிகள் பலியானார்கள். நவம்பர் 22 அன்று ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். ஒன்பது நாள் கழித்து ஜாக்சன்வில் பந்தயம். ஓட்டலில் கறுப்பருக்கு அறை மறுக்கக் கூடாது என்ற சட்டம் அடுத்த ஜூலையில்தான் வந்தது.

ஸ்காட் ஊர்வலங்களில் முன்வரிசையில் நின்று பேசியவர் அல்லர். வாரா வாரம் டிரக்கைக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார், அவ்வளவுதான். 1966 முதல் 1969 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள், ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். 1966இல் ஆறாவது இடம். கம்பெனிப் பணத்தில் ஓடியவர்களில் பலர் அவருக்குக் கீழே இருந்தார்கள். 495 பந்தயங்களில் 147 முறை முதல் பத்துக்குள். 13 ஆண்டுகளில் சம்பாதித்த மொத்தப் பரிசுத் தொகை 2 லட்சம் டாலரைத் தாண்டவில்லை. அதில்தான் காரும், டயரும், பெட்ரோலும், ஏழு பிள்ளைகள் உள்ள குடும்பமும்.

1973இல், 51 வயதில், ஒருமுறையாவது நல்ல காரில் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். கடன் வாங்கி, வேகமான மெர்குரி கார் ஒன்றை வாங்கினார். அதை அலபாமாவின் டல்லடேகா தடத்துக்குக் கொண்டுபோனார். உலகின் மிக வேகமான நீள்வட்டத் தடங்களில் ஒன்று அது. அந்த மே மாதப் பந்தயத்தில், ஆரம்பச் சுற்றுகளிலேயே 20க்கும் மேற்பட்ட கார்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஸ்காட்டுக்கு இடுப்பு எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன, கால்களில் பலத்த காயம். கார் உருக்குலைந்தது. கடன் மிச்சமிருந்தது. அக்டோபரில் எழுந்து வந்து சார்லட் பந்தயத்தில் ஒரு முறை ஓட்டினார், பன்னிரண்டாவதாக வந்தார். அத்தோடு முடித்துக்கொண்டார்.

டேன்வில்லில் மறுபடியும் பட்டறை. 1977இல் ஹாலிவுட் அவருடைய கதையைப் படமாக்கியது. ரிச்சர்ட் பிரையர் அவராக நடித்தார். படத்தால் பெயர் கிடைத்ததே தவிர, பழைய கோப்பை கிடைக்கவில்லை. 1990 டிசம்பர் 23 அன்று புற்றுநோயால் இறந்தார். வயது 69.

அதன் பிறகு மரியாதைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. 1999இல் சர்வதேச மோட்டார் பந்தயப் புகழ் மண்டபத்தில் இடம். 2010இல் ஜாக்சன்வில் பந்தய ஆர்வலர்களின் அமைப்பு ஒன்று, நகல் கோப்பையொன்றைச் செய்து குடும்பத்துக்குக் கொடுத்தது. 2013இல் டேன்வில்லில் வர்ஜீனியா அரசின் நினைவுப் பலகை. 2015 ஜனவரியில் நாஸ்கார் புகழ் மண்டபம். அதே சாராயப் பூர்வீகம் கொண்ட ஜூனியர் ஜான்சன் முதல் அணியிலேயே இருந்தார், ஸ்காட் ஆறாவது அணியில். 2021இல்தான் நாஸ்கார் தன் கையால் கோப்பையைக் கொடுத்தது.

2021இல் ஏன் ஞானம் பிறந்தது? அதற்கும் காரணம் உண்டு. ஸ்காட் விட்டுச் சென்ற இடத்தில் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார்: பப்பா வாலஸ். தடத்தில் பன்முகத்தன்மையைக் கூட்ட வேண்டும் என்று நாஸ்கார் 2004இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் வளர்ந்த கறுப்பின இளைஞர். 2013இல் டேன்வில்லுக்கு அருகிலுள்ள மார்ட்டின்ஸ்வில்லில் டிரக் பிரிவுப் பந்தயத்தில் வென்றார். ஸ்காட்டுக்குப் பிறகு நாஸ்காரின் தேசியப் பிரிவு ஒன்றில் ஒரு கறுப்பர் ஜெயிக்க அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. மறு ஆண்டு அதே ஊரில், ஸ்காட்டின் 34ஆம் எண்ணைத் தன் வண்டியில் எழுதிக்கொண்டு வந்து மறுபடியும் ஜெயித்தார்.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரின் கழுத்தைப் போலீஸ்காரர் முழங்காலால் அழுத்தியதில் அவர் உயிரிழந்தார். அமெரிக்கா கொதித்தது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் பழைய கொடி அதுவரை நாஸ்கார் அரங்குகளில் பறந்துகொண்டிருந்தது. அதை அகற்ற வேண்டும் என்று வாலஸ் வெளிப்படையாகக் கேட்டார். ஜூன் 10 அன்று நாஸ்கார் தடை விதித்தது. அப்போது வாலஸ் ஓட்டியது யாருடைய அணியின் கார் தெரியுமா? ஜாக்சன்வில்லில் ஸ்காட் கடந்து சென்ற ரிச்சர்ட் பெட்டியின் பெயர் தாங்கிய அணி. அதே 43ஆம் எண்.

2021 அக்டோபர் 4. ஸ்காட்டின் குடும்பத்துக்குக் கோப்பை வந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. மழையால் பாதியில் நின்ற பந்தயத்தில் முன்னணியில் இருந்த பப்பா வாலஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டது. உச்சப் பிரிவில் வென்ற இரண்டாவது கறுப்பர். கோப்பை அன்றே அவர் கையில் இருந்தது. இடம், ஸ்காட்டின் எலும்புகள் முறிந்த அதே டல்லடேகா. அந்தத் தடத்தைக் கட்டியவர் பில் ஃபிரான்ஸ். அவருக்கு அரசியல் நண்பராக இருந்தவர் நிறப் பிரிவினை கவர்னர் ஜார்ஜ் வாலஸ். 1972இல் அந்த வாலஸின் ஜனாதிபதித் தேர்தல் முயற்சிக்கு ஃபிரான்ஸ் துணை நின்றார். ஒரு வாலஸின் மாநிலத்தில் இன்னொரு வாலஸ் ஜெயித்ததைச் சரித்திரத்தின் குறும்பு என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அவர் 2022இல் கேன்சஸிலும் 2025இல் இண்டியானாபொலிஸிலும் வென்றார். 2024இல் ரஜா காருத் என்ற இளைஞர் டிரக் பிரிவில் ஜெயித்து, தேசியப் பிரிவுகளில் வென்ற மூன்றாவது கறுப்பர் ஆனார்.

இப்போதைய நிர்வாகிகள் செய்ததைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1963இல் கொடியை மறைத்தவர்கள் அவர்கள் அல்லர். முன்னோர் செய்த பிழையைத் தம்முடையது என்று ஏற்று, பகிரங்கமாகக் கோப்பை கொடுப்பது எல்லா நிறுவனங்களும் செய்துவிடும் காரியமல்ல. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இறந்தவருக்குக் கொடுக்கும் கௌரவத்தால் இறந்தவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கொடுப்பவருக்குத்தான் ஆதாயம்: மனசாட்சிக்கும் ஆறுதல், பத்திரிகையில் படமும் வரும். ஸ்காட்டுக்கு அந்தப் படம் தேவைப்பட்டது 1963இல். எஞ்சின் வாங்க.

அவருடைய மரபு எது என்று கேட்டால், கை நழுவிப்போன அந்த ஒரு வெற்றியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் கணக்கில் மிச்சமுள்ள 494 பந்தயங்கள்தான் பெரிது. ஜாக்சன்வில்லுக்குப் பிறகு அவர் வழக்குப் போடவில்லை, விலகிப் போகவும் இல்லை. அடுத்த பந்தயத்துக்குக் காரைத் தயார் செய்தார். அதற்கடுத்த பந்தயத்துக்கும். அப்படி இன்னும் பத்து ஆண்டுகள். அவர் அந்தத் தடத்தில் தினசரிக் காட்சியாக நின்றதால்தான், கறுப்பர் ஒருவர் அங்கே ஓட்டுவது அதிசயம் என்ற நிலை மெல்லத் தேய்ந்தது. பாதை போட்டவர் என்று பெயர் எடுப்பவர்கள் பலரும் இப்படித்தான்: முதலில் வந்ததால் அல்ல, போகாமல் இருந்ததால்.

தாமதமான நீதியை நாமும் நன்கு அறிவோம். மறைந்தவருக்கு விருது, மறைந்தவர் பெயரில் தெரு, மறைந்தவருக்குத் தபால்தலை. அடுத்த முறை அப்படி ஒரு விழாவைப் பார்க்கும்போது, கைதட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளலாம். தவறு என்று இவர்களுக்குத் தெரிந்தது எப்போது? ஜாக்சன்வில்லில் அது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. மீதிக் காலம் முழுவதும் கணக்குப் பார்ப்பதில் போகவில்லை.